படிக்கும் மூளையைக் கட்டித் தருவது யார் பொறுப்பு?

‘எழுத்தைவிடப் படத்தை மூளை 60,000 மடங்கு வேகமாகப் புரிந்துகொள்கிறது.’ ஆசிரியர் பயிற்சி வகுப்பு, விளம்பர நிறுவனக் கூட்டம், விழிப்புணர்வுப் பயிலரங்கு, அலைபேசியில் வந்து விழும் ஊக்க உரை என எங்கு போனாலும் இந்த வாக்கியம் திரையில் வந்து நிற்கிறது. கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள், குறித்துக்கொள்கிறார்கள். பாடத்தைச் சுருக்கிப் படத்தைக் கூட்டுவதற்கும், அறிவிப்பில் விவரத்தை எடுத்துவிட்டு வண்ணச் சித்திரம் போடுவதற்கும் அது நியாயமாகிவிடுகிறது. ஆனால், இப்படியொரு அளவைக் கண்டறிந்த ஆய்வு எதுவும் கிடையாது. இதன் மூலத்தைத் தேடிப் போனவர்கள், ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் விளம்பரத் தாள்களில்தான் போய் முட்டிக்கொண்டார்கள்.

சிறு கணக்கொன்று போட்டாலே இது நிற்காது. பழகிய வாசகரின் கண் ஒரு சொல்லின் மேல் தங்கும் நேரம் ஏறத்தாழக் கால் விநாடி. அதை 60,000-ஆல் வகுத்தால், ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் நான்கு பங்கு வரும். மூளையில் ஒரு நரம்பணு ஒரே ஒரு மின்துடிப்பை எழுப்பவே ஒரு மில்லி விநாடி ஆகிறது. அதாவது, அந்த நான்கு பங்கைப் போல 250 மடங்கு நேரம். படம் கண்ணில் பட்டு, விழித்திரையிலிருந்து சேதி கிளம்பி, மூளையின் பின்பகுதிக்குப் போய்ச் சேர்வதற்கே பல மில்லி விநாடிகள் வேண்டும். உடம்பால் முடியாத ஒரு வேகத்தை நம்பித்தான் இவ்வளவு பேர் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது வெறும் எண்ணிக்கைப் பிழை என்றால் விட்டுவிடலாம். படமும் எழுத்தும் மூளைக்குள் போகும் வழிகள் எவை, அந்த வழிகள் எப்படி உண்டாகின்றன என்பதை இந்த வாக்கியம் நம் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. அதன் விலையைக் கொடுப்பவர்கள், இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்காத குழந்தைகள். அதனால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

படத்தின் உண்மையான பலம்

படத்துக்கு உள்ள பலத்தைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. 1996-இல் பிரான்சின் துலூஸ் நகரில் சைமன் தோர்ப்பும் அவரது குழுவினரும் முன்பின் பார்த்திராத ஒளிப்படங்களைத் தலா 20 மில்லி விநாடி மட்டும் காட்டினார்கள். அதில் விலங்கு இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. படம் தோன்றிய 150 மில்லி விநாடிக்குள், விலங்குள்ள படத்துக்கும் இல்லாத படத்துக்கும் மூளையின் மின்னலைகள் வேறுபடத் தொடங்கின. 2014-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேரி பாட்டர் குழுவினர் 13 மில்லி விநாடி மட்டுமே தெரிந்து மறைந்த படங்களைக்கூட மக்கள் ஓரளவு அடையாளம் காண்பதைக் காட்டினார்கள். அந்த 13 என்பது படம் திரையில் இருந்த நேரம். மூளை அதைப் புரிந்துகொள்ள எடுத்த நேரம் அன்று. ‘13 மில்லி விநாடியில் புரிந்துகொள்கிறது’ என்று எழுதுவோர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

நினைவில் நிற்பதிலும் படத்தின் கை ஓங்கியே இருக்கிறது. 1967-இல் ரோஜர் ஷெப்பர்ட் சிலருக்கு 612 படங்களைக் காட்டினார். பிறகு, பார்த்த படத்தையும் பார்க்காத படத்தையும் இணையாக வைத்து எது பார்த்தது என்று கேட்டபோது சுமார் 98 விழுக்காடு சரியாக வந்தது. சொற்களைக் காட்டிச் செய்த அதே சோதனையில் அது 90 விழுக்காட்டை ஒட்டி நின்றது. லயனல் ஸ்டாண்டிங் 1973-இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து நாட்களில் 10,000 படங்களைப் பார்த்தவர்கள், அதன் பின் நடந்த சோதனையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் சரியாக அடையாளம் கண்டார்கள். கனடாவின் ஆலன் பைவியோ இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ‘யானை’ என்ற படத்தைப் பார்ப்பவர் மனத்தில் அதன் உருவமும் பதிகிறது, பெயரும் பதிகிறது. சொல்லைப் படிப்பவருக்குப் பெரும்பாலும் பெயர் மட்டும் பதிகிறது. இரண்டு தடங்களில் ஒன்று அழிந்தாலும் மற்றது மிஞ்சும்.

இந்தத் திறமைக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை என்பதுதான் இதில் முக்கியம். ஜூலியன் ஹோக்பெர்க், வர்ஜினியா புரூக்ஸ் என்ற உளவியலாளர் இருவர், படங்களுக்குப் பெயர் சொல்லித் தராமல், கூடியவரை படமே கண்ணில் படாமல் தங்கள் குழந்தையை 19 மாதம்வரை வளர்த்தார்கள். பொம்மைகளையும் பொருட்களையும் வைத்தே குழந்தை பேசக் கற்றது. பிறகு அந்தப் பொருட்களின் கோட்டுச் சித்திரங்களைக் காட்டியபோது குழந்தை தயங்காமல் பெயர் சொன்னது. 1962-இல் இது வெளியானது. உலகத்தைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குப் படத்தையும் பார்க்கத் தெரியும். எழுத்துக்கு இப்படி நடந்ததாக எங்கும் கேள்விப்பட முடியாது. எழுத்துகள் சூழ்ந்த தெருவில் பிறந்து வளர்ந்தாலும், ஒருவர் உட்கார்ந்து சொல்லித் தராமல் ஏறத்தாழ எந்தக் குழந்தைக்கும் படிப்பு வருவதில்லை.

வேகத்திலும் ஒருதலைப்பட்சம் இல்லை

அப்படியானால் வேகத்தில் படம்தான் முந்துகிறதா? அதிலும் பதில் ஒற்றையாக இல்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில், உளவியலுக்கென முதலில் அமைந்த ஆய்வுக்கூடங்களில் ஒன்றில் பணியாற்றிய ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் 1886-லேயே இதை அளந்தார். ஒரு பொருளின் படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதைவிட, எழுதியிருக்கும் அந்தப் பெயரைப் படித்துச் சொல்வது விரைவாக நடந்தது. நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதும் அப்படியே தாமதப்பட்டது.

1975-இல் மேரி பாட்டரும் பார்பரா ஃபால்க்கனரும் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். படத்துக்குப் பெயர் சொல்வது, சொல்லை வாசிப்பதைவிடக் கால் விநாடிக்கும் சற்றுக் கூடுதலாகத் தாமதப்பட்டது. ஆனால், ‘இது தின்னும் பொருளா, உடுத்தும் பொருளா’ என்பது போல வகை பிரிக்கச் சொன்னால் படம் சிறிதளவு முந்தியது. படம் முதலில் பொருளைத் தொட்டு, அங்கிருந்து பெயருக்கு வருகிறது. பழகிய வாசகரிடம் எழுத்து ஒலியையும் பொருளையும் ஏறக்குறைய ஒரே மூச்சில் எழுப்பிவிடுகிறது. பந்தயம் வைத்தாலும் ஒவ்வொன்றும் வெல்லும் இடம் வேறு.

ஒரு பாரிஸ் வணிகருக்கு நேர்ந்தது

இரண்டின் வழிகளும் வேறு என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு நோயாளி சாட்சியாக நிற்கிறார். 1887-ஆம் ஆண்டு பாரிஸில், ஓய்வுபெற்ற துணி வணிகர் ஒருவருக்கு ஒரு நாள் திடீரென்று படிக்க வரவில்லை. நன்றாகப் படித்தவர், இசை தெரிந்தவர். பேச்சு தெளிவாகவே இருந்தது. கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று எண்ணிக் கண் மருத்துவர் லாண்டோல்ட்டிடம் போனார். கண்ணில் கோளாறு இல்லை என்று கண்ட அவர், நரம்பியல் மருத்துவர் ஜூல் தெஜரினிடம் அனுப்பிவைத்தார்.

தெஜரின் எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் வியப்பைத் தருபவை. அந்த நோயாளி முன்னால் வைத்த பொருட்களையெல்லாம் பெயர் சொன்னார். முகங்களை அறிந்தார். எண்களைப் படித்தார், கணக்குப் போட்டார். சொல்லச் சொல்ல எழுதினார். எழுதியதைத் திருப்பிக் கொடுத்தால் அவரால் படிக்க முடியவில்லை. ஆங்கிலத்தின் ‘ஏ’ போன்ற எழுத்தைக் காட்டினால் ஓவியர் பலகை நிறுத்தும் முக்காலி என்றார்; ‘இசட்’டைப் பாம்பு என்றார்; ‘பி’யை வாரின் கொக்கி என்றார். கோடுகள் தெரிந்தன, எழுத்து தெரியவில்லை. தாம் வழக்கமாகப் படிக்கும் ‘லெ மத்தேன்’ நாளிதழைக் காட்டியபோது அது இன்ன பத்திரிகை என்று சொல்லிவிட்டார். அதன் தோற்றத்தை வைத்துச் சொன்னார். தலைப்பில் உள்ள எழுத்துகளில் ஒன்றைக்கூட அவரால் படிக்க முடியவில்லை. பத்திரிகையின் பெயர் அவருக்குப் படமாக எஞ்சியிருந்தது, எழுத்தாக அழிந்துபோயிருந்தது.

விரலால் எழுத்தின் வரிவடிவத்தைக் காற்றில் எழுதிப் பார்த்தால் மட்டும் சில நேரம் எழுத்து பிடிபட்டது. கண் வழியாகப் போக முடியாத சேதி கை வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தது. 1892-இல் அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்த தெஜரின், இடது பிடரி மடலிலும், இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் பின்முனையிலும் சிதைவைக் கண்டார். மூளையின் வலது பாதி கண்ட எழுத்து, மொழி இருக்கும் இடது பாதிக்கு வந்துசேர வழியில்லாமல் போயிருந்தது. படம் பார்க்கும் திறன் முழுதாக இருக்க, படிக்கும் திறன் மட்டும் தனியே அறுந்து விழும் என்பதை உலகம் அப்போது கற்றுக்கொண்டது.

பிறவியில் இல்லாத ஒரு பகுதி

நூறாண்டு கழித்து, மூளைக்குள் இரத்த ஓட்டத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன் கருவிகள் வந்தன. 2000-ஆவது ஆண்டில் லோரன் கோஹன், ஸ்தனிஸ்லாஸ் தெஹான் உள்ளிட்ட பிரெஞ்சு ஆய்வாளர்கள், மூளையின் இடப்புற அடிப்பகுதியில், பிடரி மடலும் பொட்டு மடலும் சந்திக்கும் இடத்தில், எழுத்துச் சொற்களுக்கென்று துலங்கும் ஒரு சிறு பகுதியை விவரித்தார்கள். அதற்குச் ‘சொல்வடிவப் பகுதி’ என்று பெயர் வழங்குகிறது. எந்த மொழி படிப்பவரை எடுத்துக்கொண்டாலும், சீன எழுத்தானாலும் ரோமன் எழுத்தானாலும், ஏறக்குறைய அதே இடம்தான் துலங்குகிறது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. மனிதர் எழுதத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதிலும், அண்மைக் காலம்வரை படித்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. படிப்பதற்கென்று ஓர் உறுப்பு பரிணாமத்தில் உருவாக இந்தக் காலம் போதவே போதாது. பிறகு அந்தப் பகுதி எங்கிருந்து வந்தது? முகம், பொருள், வடிவம் ஆகியவற்றைப் பிரித்தறியும் பழைய பார்வைப் பகுதியின் ஒரு மூலையைப் படிப்பு தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது என்கிறார் தெஹான். மூதாதையர் கட்டிய வீட்டில் ஓர் அறையைப் புதிதாக வந்த மருமகளுக்கு ஒழித்துக் கொடுப்பதைப் போன்றது இது. வீடு பழையது, சுவர்களும் பழையவை, நடக்கும் குடித்தனம் புதிது.

இந்த மாற்றம் பள்ளிப் பருவத்தில்தான் நடக்கும் என்பதும் இல்லை. 2010-இல் தெஹான் குழுவினர் போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் 63 பேரை ஆய்வு செய்தார்கள். அவர்களில் 10 பேர் எழுத்தறியாதவர்கள், 22 பேர் வளர்ந்த பிறகு படிக்கக் கற்றவர்கள், மற்றவர்கள் சிறுவயதிலேயே பள்ளிக்குப் போனவர்கள். படிப்பு கூடக் கூடச் சொல்வடிவப் பகுதியின் துலக்கமும் கூடியது. வயது வந்து படித்தவர்களின் மூளையிலும் அது உருவாகியிருந்தது. நம் நாட்டில் லக்னோவுக்கு அருகிலுள்ள கிராமங்களில், பெரும்பாலும் முப்பதுகளில் இருந்த பெண்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி எழுத்து சொல்லிக்கொடுத்து ஆய்ந்தார்கள். 2017-இல் வெளியான அதன் முடிவு, மூளையின் மேற்புறத்தைத் தாண்டி, உள்ளே ஆழத்தில் பார்வையை ஒழுங்குபடுத்தும் பகுதிகளும் கூடுதல் ஒத்திசைவோடு இயங்கத் தொடங்கியதைக் காட்டியது. ஆறே மாதப் படிப்பு அது.

புதிதாக வந்த எழுத்து பழைய திறமைகளைத் தின்றுவிடுமோ என்ற அச்சமும் எழுந்தது. முகங்களை அறியும் வேலையில் ஒரு பங்கு வலது பக்கம் நகர்வதாக 2010 ஆய்வு சொன்னது. ஆனால், அதே லக்னோ வட்டாரத்தில் 2019-இல் வெளியான பெரிய ஆய்வு, முகமறியும் திறனுக்கு இழப்பு எதுவும் இல்லை என்று கண்டது. படிப்பு வந்தால் பார்வை கெடாது.

எல்லாவற்றையும்விட வியப்பானது ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் அமீர் அமேதி குழு 2011-இல் கண்டது. பிறவியிலேயே பார்வையில்லாதவர்கள் விரலால் பிரெய்லியைப் படிக்கும்போதும் அதே பகுதிதான் துலங்கியது. எழுத்தை ‘ஒரு வகைப் படம்’ என்று எண்ணுபவர்கள் இதைக் கருத வேண்டும். கண்ணே பார்க்காத எழுத்துக்கும் அந்த இடம் வேலை செய்கிறது என்றால், அங்கே நடப்பது வடிவத்தை மொழியோடு முடிச்சுப் போடும் வேலை.

தமிழ் எழுத்தும் கண்ணாடியும்

அந்த முடிச்சு எவ்வளவு அருமையானது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று கிடைத்திருக்கிறது. காட்டில் புலி இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் அது புலிதான். அதனால் ஓர் உருவத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ள நம் மூளை பழகியிருக்கிறது. எழுத்தில் அந்தப் பழக்கம் கைகொடுக்காது. ஆங்கிலச் சிற்றெழுத்து ‘பி’யைக் கண்ணாடியில் பார்த்தால் ‘டி’ ஆகிவிடும்.

எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டில் மூன்று வகையினரிடம் கோட்டு உருவங்களைக் கொடுத்துச் சோதித்தார். முதல் வகையினர் எழுத்தறியாதவர்கள், அடுத்தவர்கள் தமிழ் மட்டும் படிப்பவர்கள், மூன்றாம் வகையினர் தமிழோடு ரோமன் எழுத்தும் படிப்பவர்கள். ஓர் உருவமும் அதன் கண்ணாடிப் பிம்பமும் வேறு வேறு என்று பிரித்தவர்கள் பெரும்பாலும் மூன்றாம் வகையினரே. தமிழ் மட்டும் படிப்பவர்கள், எழுத்தறியாதவர்களைப் போலவே, இரண்டையும் ஒன்றாகக் கொண்டார்கள். 2003-இல் வெளியான இந்த ஆய்வு சொல்லும் காரணம் எளிது. தமிழில் இடவலம் மாறினால் வேறு எழுத்தாகிவிடும் இணைகள் கிடையாது. எந்த எழுத்தைப் படிக்கிறோமோ அந்த எழுத்து கேட்கும் பயிற்சியைத்தான் மூளை பெறுகிறது.

இதை ஒவ்வொரு தொடக்கப் பள்ளி ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஆங்கில எழுத்தைத் திருப்பிப் போட்டால் அது கவனக்குறைவோ மந்தமோ இல்லை. பழைய மூளைக்கு இயல்பான ஒன்றைப் புதிதாக மறக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது அந்தக் குழந்தை. அதற்கு அடியும் வசவும் கொடுப்பது கொடுமை.

தமிழுக்கும் தனக்கே உரிய கடினங்கள் உண்டு. ‘கெ’ என்று எழுதும்போது கண் முதலில் பார்ப்பது ஒற்றைக்கொம்பை. காதில் முதலில் விழுவது ‘க்’ ஒலி. ‘கொ’ என்றால் கொம்பு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் நிற்க, நடுவில் இருப்பதை முதலில் ஒலிக்க வேண்டும். அந்தத் துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொண்டால் ‘கெர’ ஆகிவிடும். ஒலியும் குறியும் இப்படி இடம்மாறி நிற்கும் சொற்களை இந்தி வாசகர்களிடம் சோதித்தபோது, வாசிப்பு சற்றுத் தாமதப்படுவது தெரிந்தது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகளையும் அவற்றின் இந்த நுட்பங்களோடு ஒரு குழந்தை தன்னியல்பாகும்வரை பழக வேண்டும். அதற்கு நாட்கள் போதாது, ஆண்டுகள் வேண்டும். படத்தைப் போலப் பார்த்தவுடன் ஒட்டிக்கொள்ளும் வேலை இதுவல்ல.

படத்தால் சொல்ல முடியாதவை

இவ்வளவு பாடுபட்டு எழுத்தைக் கற்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்குப் பதில், எழுத்து செய்யும் வேலையில் இருக்கிறது. ‘மழை பெய்கிறது’ என்பதைப் படமாக வரையலாம். ‘மழை பெய்யவில்லை’ என்பதை வரைய முடியாது. வெயிலைத்தான் வரைய முடியும். ‘மழை பெய்தால் பள்ளி விடுமுறை’, ‘மழை பெய்ததாகச் சொல்கிறார்கள்’, ‘மழை பெய்தும் ஏரி நிறையவில்லை’ ஆகியவற்றை எந்த ஓவியராலும் வரைய முடியாது. படத்தால் ‘இல்லை’ என்று சொல்ல முடியாது என்பதையே பொருளாக வைத்து, சோல் வொர்த் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1975-இல் ஒரு கட்டுரை எழுதினார். படத்தின் மேல் சிவப்புக் கோட்டைக் குறுக்கே இழுத்தால் ‘கூடாது’ என்று ஆகும். ஆனால், அந்தக் கோடு படமாகப் பேசவில்லை. கற்றுக்கொடுத்தால்தான் விளங்கும் எழுத்தாகப் பேசுகிறது.

மறுப்பு, நிபந்தனை, காரணம், காலம், ஐயம் ஆகிய இவை இல்லாமல் சட்டம் இல்லை, மருத்துவம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. மருந்துச் சீட்டில் ‘மூன்று நாளில் காய்ச்சல் குறையாவிட்டால் உடனே வரவும்’ என்று இருப்பதைப் படமாக்கினால் என்ன மிஞ்சும்? ஒரு மனிதர், ஒரு மருத்துவமனை, ஓர் அம்புக்குறி. ‘குறையாவிட்டால்’ போய்விடும். உயிரைக் காப்பது அந்தச் சொல்தான்.

படத்துக்கு உரிய இடத்தை நம் நாடு நன்றாகவே அறிந்து பயன்படுத்தியிருக்கிறது. 1951 கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிந்தவர்கள் 18 விழுக்காடுதான். 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னம் ஒட்டினார்கள். கோடிக்கணக்கான மக்கள் தங்கள் விருப்பத்தைப் பிழையின்றிப் பதிவுசெய்தார்கள். சின்னம் இல்லாமல் இந்தியக் குடியரசின் தொடக்கத்தை நினைத்துப் பார்க்க முடியாது. 2016 முதல் புகையிலைப் பொட்டலத்தின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்ற விதியும் அப்படிப்பட்டது. நோயுற்ற தொண்டையின் படம், படிக்கத் தெரியாதவரையும் ஒரு கணம் நிறுத்துகிறது.

ஆனால், சின்னம் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டுமே காட்டும். அந்த வேட்பாளர் என்ன வாக்குறுதி தந்தார், முன்பு தந்ததில் எதை நிறைவேற்றவில்லை என்பதைத் தேர்தல் அறிக்கையும் செய்தித்தாளும்தான் சொல்லும். வாக்களிப்பதற்குப் படம் போதும். கணக்குக் கேட்பதற்கு எழுத்து வேண்டும். குடிமக்களைப் படத்தோடு நிறுத்திவிடுவது அவர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது.

நம்பவைக்கும் படம்

படத்தின் எளிமைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. 2012-இல் எரின் நியூமன், மேரியான் கேரி ஆகியோர் அடங்கிய குழு ஒரு சோதனை செய்தது. ‘மெக்கடேமியா கொட்டை, பீச் பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது’ என்பது போன்ற, பலருக்கும் விடை தெரியாத வாக்கியங்களைக் கொடுத்து மெய்யா பொய்யா என்று கேட்டார்கள். சில வாக்கியங்களுக்குப் பக்கத்தில் அந்தப் பொருளின் படம் இருந்தது. கொட்டையின் படம் அதன் தாவரக் குடும்பத்தைப் பற்றி எதையும் நிரூபிக்காது. ஆயினும் படம் பக்கத்தில் இருந்தபோது ‘மெய்’ என்று சொல்பவர்கள் கூடினார்கள். படத்தைப் பார்த்த மனம் எளிதாகக் கற்பனை செய்துகொள்கிறது. அந்த எளிமையையே உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பொய்களில் பெரும்பகுதி ஏன் படத்தோடு வருகிறது என்பதற்கு இதுவே விளக்கம். எங்கோ எப்போதோ எடுத்த வெள்ளப் படம், நேற்றைய நம் ஊர்ச் செய்தியாக வருகிறது. படத்தில் இடம் இல்லை, தேதி இல்லை, எடுத்தவர் பெயர் இல்லை. அவை எல்லாம் எழுத்தில்தான் இருக்க முடியும். படத்தின் அடியில் உள்ள வரியைப் படித்து, ‘எங்கே, எப்போது, யார் எடுத்தது’ என்று கேட்கத் தெரிந்த வாசகரே இந்தப் பொய்க்கு எதிரான முதல் காவல். செயற்கை நுண்ணறிவு நினைத்த படத்தை நொடியில் செய்து தரும் இந்தக் காலத்தில் அந்த வாசகரின் தேவை பல மடங்கு கூடியிருக்கிறது.

வகுப்பறையில் நடப்பது

இப்போது குழந்தையிடம் வருவோம். ‘அ - அம்மா, ஆ - ஆடு, இ - இலை’ அட்டை எல்லா வீடுகளிலும் தொங்குகிறது. குழந்தை கணீரென்று சொல்கிறது, பெற்றோர் மகிழ்கிறார்கள். இலைப் படத்தைக் கையால் மறைத்துவிட்டு ‘இது என்ன எழுத்து?’ என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் திகைக்கும். அவை இதுவரை படித்தது இலையை, ‘இ’யை அல்ல. படம் விடையைத் தந்துவிடும்போது எழுத்தைப் பார்க்கும் தேவை மூளைக்கு வருவதே இல்லை.

ஜே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1967-இலேயே இதைச் சோதனையில் காட்டினார். படத்தோடு சொற்களைக் கற்ற குழந்தைகளைவிட, படமில்லாமல் கற்றவர்கள் பின்னர் நடந்த சோதனையில் கூடுதல் சொற்களைப் படித்தார்கள். 2020-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புதிதாகப் படிக்கத் தொடங்கிய குழந்தைகளின் கண்ணசைவைப் பின்தொடர்ந்தார்கள். கதைக்குத் தேவையில்லாத அலங்காரங்களைப் படத்திலிருந்து நீக்கியபோது, பார்வை வரியை விட்டு ஓடுவது குறைந்தது. கதையும் நன்றாகப் புரிந்தது. அவர்கள் எல்லாப் படத்தையும் எடுத்துவிடவில்லை. கதைக்குத் துணையாக நின்றதை வைத்துக்கொண்டார்கள், வேடிக்கை காட்டியதை எடுத்துவிட்டார்கள்.

பள்ளிக்குப் போகும் முன் நிலை இன்னும் நுட்பமானது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜான் ஹட்டன் குழு, மூன்று முதல் ஐந்து வயதுவரையான 27 குழந்தைகளுக்கு ஒரே எழுத்தாளரின் கதைகளை மூன்று விதமாகக் கொடுத்து மூளையைப் படம்பிடித்தது. குரல் மட்டும் ஒரு விதம், குரலோடு அசையாப் படங்கள் ஒரு விதம், அசையும் படம் ஒரு விதம். மொழி, கற்பனை, பார்வை ஆகிய பகுதிகள் ஒன்றோடொன்று நன்றாக இணைந்து இயங்கியது நடு வழியில்தான். அசையும் படத்தில் அந்த இணைப்பு தளர்ந்தது. எல்லாவற்றையும் திரையே செய்து காட்டிவிட்டால், குழந்தையின் மூளை தானாகச் செய்ய மிஞ்சுவது குறைவு. மடியில் வைத்துக்கொண்டு படக்கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டும் தாத்தா பாட்டிக்கு ஈடாக அலைபேசிக் காணொளி ஆகாது என்பதை இந்தச் சிறிய ஆய்வு நமக்கு உணர்த்துகிறது.

கொரோனாவுக்குப் பின் கற்றல் இடைவெளியைச் சரிசெய்யத் தமிழ்நாட்டில் 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தையின் உண்மையான நிலையை அறிந்து அங்கிருந்து தொடங்கும் அதன் அணுகுமுறை சரியானது. அதில் பாட்டு, ஆடல், பொம்மலாட்டம், வண்ணப் படம் எல்லாம் இருப்பதும் நல்லதே. குழந்தையை வகுப்பறையில் அமர்த்த அவை வேண்டும். ஆனால், அவை எழுத்துக்கு அழைத்துப்போகும் வழியாக இருக்க வேண்டும், எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு நாளும் படமில்லாத நாலு வரியைக் குழந்தை தானே விரல் வைத்துப் படிக்கும் நேரம் இருக்கிறதா என்பதே கேள்வி.

செய்ய வேண்டியவை

முதலில், ‘60,000 மடங்கு’ போன்ற ஆதாரமற்ற வாக்கியங்களை ஆசிரியர் பயிற்சியிலிருந்து நீக்க வேண்டும். அந்த இடத்தில், குழந்தை எழுத்தை எப்படிக் கற்கிறது, கண்ணாடித் தடுமாற்றம் ஏன் வருகிறது, டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாட்டை எப்படி முன்கூட்டியே கண்டுகொள்வது என்பதைச் சொல்லித்தர வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர், மூளைக்குள் ஒரு புதிய பகுதியையே உருவாக்கித் தருபவர். அவருக்கு அந்த அறிவையும், அதற்குரிய நேரத்தையும் தராமல் புள்ளிவிவரப் படிவங்களை நிரப்பச் சொல்வது பெரும் வீண்.

அடுத்து, பாடநூல் குழுக்கள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது எழுத்தைப் புரியவைக்கிறதா, எழுத்தைப் பார்க்காமல் தப்பிக்க வழி தருகிறதா? இதயத்தின் குறுக்குவெட்டு, ஆற்றின் வரைபடம், மின்சுற்றின் விளக்கப்படம் ஆகியவை இல்லாமல் அறிவியலும் புவியியலும் இல்லை. அவற்றை இன்னும் தெளிவாகத் தர வேண்டும். ஓரத்தை நிரப்பும் பட்டாம்பூச்சிகளைக் குறைக்கலாம். அரசு அறிவிப்புகளும் அப்படியே. படம் கண்ணை இழுக்கட்டும், நிபந்தனையும் தேதியும் உரிமையும் எளிய தமிழில் முழு வாக்கியமாக இருக்கட்டும்.

வயது வந்தோர் கல்வியையும் முடிந்துபோன கதையாக விட்டுவிடக் கூடாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களில் கல் உடைக்கும் பெண்கள்வரை எழுத்தைக் கொண்டுபோனது. முப்பது வயதில் எழுத்துக் கற்றாலும் மூளை மாறும் என்று ஸ்கேன் இப்போது சொல்வதை, அந்தத் தொண்டர்கள் அனுபவத்தில் முன்பே கண்டவர்கள். இனி வயதாகிவிட்டது என்ற சமாதானத்துக்கு இடமில்லை.

இறுதியாக, மூன்றாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும், இதுவரை பார்த்திராத ஒரு பத்தியைப் படமில்லாமல் கொடுத்துப் படிக்கச் செய்து, புரிந்ததைக் கேட்டறிய வேண்டும். மதிப்பெண் போடுவதற்காக அல்ல. தடுமாறும் குழந்தைக்கு நாலாம் வகுப்பில் தினமும் தனி நேரம் ஒதுக்குவதற்காக. அதன் முடிவு பெற்றோருக்கும் தெரிய வேண்டும், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசப்பட வேண்டும். படம் பார்க்கும் மூளையை இயற்கை எல்லாக் குழந்தைக்கும் பேதமின்றித் தந்துவிட்டது. படிக்கும் மூளை, வாய்த்த பள்ளியைப் பொறுத்தும் வாய்த்த வீட்டைப் பொறுத்தும் சிலருக்குக் கிடைக்கிறது, சிலருக்குக் கிடைக்காமல் போகிறது. அந்தப் பேதத்தை ஒழிக்கும் கடமை அரசுக்கும் ஆசிரியருக்கும் நமக்கும் உரியது. அதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.